பத்தியத்தில் இருந்த பன்னிரண்டு எலிகள்

எனக்குப் பசி தாங்காது. அங்கிருந்து தொடங்கினால்தான் இந்த விசாரணையில் நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி வைப்பதும், தினமும் எடை போட்டு நோட்டில் எழுதுவதும் என் வேலை. ஆராய்ச்சி மாணவியை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். கொழுப்பை உடைக்கிற ஒரு நொதி பெண் எலியின் கருமுட்டை உண்டாகிற சூலகத்திலும் இருக்கிறதாம். சாப்பாட்டில் கொழுப்பே இல்லாவிட்டால் அந்த நொதி குறையுமா என்று பார்க்கத்தான் பன்னிரண்டு எலிகளுக்கு வெறும் வறட்டுத் தீனி போடச் சொன்னாள். குறையும் என்று நம்பினாள். அவளுடைய முனைவர் பட்டமே அதில்தான் இருந்தது.

அதே மாதம் டாக்டர் எனக்கும் பத்தியம் போட்டார். எண்ணெய் கூடாது, வெண்ணெய் கூடாது. என் வீட்டுக்காரர் சமையலறை அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதனால் தீனியை முகர்ந்துவிட்டு அந்த எலிகள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகவே புரிந்தது. பெற்ற வயிறு, பற்றி எரிந்தது. மறுநாள் வெண்ணெய் பிஸ்கட் வாங்கிப் போனேன். அன்றிலிருந்து தினமும் ஆளுக்கு நகக்கண் அளவுதான் வைத்தேன்.

எடை கூடத்தான் செய்தது. குறைத்து எழுதினேன். வீட்டுக்காரரிடம் என் எடையையும் அப்படித்தான் சொல்லிவந்தேன், அதனால் கை கூசவில்லை.

நான்கு மாதம் கழித்துச் சூலகங்களை எடுத்துச் சோதித்த பாப்பா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கொழுப்பே சாப்பிடாத எலிக்கும் அந்த நொதி குறையவே இல்ல. இத இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்ல."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தேன்.

"வீட்டிலேர்ந்து கொண்டுவந்தீங்களாக்கா?"

"ஆமா பாப்பா."

நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

போன மாதம் வேறொரு ஆய்வுக்கூடத்தில் இதே சோதனையைச் செய்து பார்த்தார்களாம். நொதி பாதியாகக் குறைந்துவிட்டதாம். ஆக, பாப்பா முதலில் நம்பியதுதான் சரி. இப்போது அவளை மோசடிக்காரி என்று வெளியே அனுப்பப் பார்க்கிறீர்கள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள், எனக்கே பாவமாக இருக்கிறது. அவள் ஒரு பாவமும் அறியாதவள். பிஸ்கட் கொடுத்தது நான், எடையை மாற்றி எழுதியதும் நான். என்னை அனுப்புங்கள்.

குப்பைக்கூடையில் தினமும் மூன்று பாக்கெட் உறை கிடந்ததே, பன்னிரண்டு எலிகளும் சேர்ந்து இரண்டு பிஸ்கட்கூடத் தின்னாதே, மிச்சம் எங்கே என்று கேட்கிறீர்கள். சாப்பிடுகிற பொருளைத் தூக்கி எறிவது பாவம் இல்லையா. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பார்கள். நான் தானத்துக்கு மிஞ்சியதைத்தான் தொட்டேன்.

மற்றபடி என் பத்தியத்தை நான் ஒருநாளும் மீறவில்லை. சந்தேகமாக இருந்தால் என்னை எடை போட்டுப் பாருங்கள். நோட்டைக் கொடுங்கள், நானே எழுதிக்கொள்கிறேன்.