அம்பு ஸ்டிக்கர்

எங்கள் காம்பவுண்டில் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு ஊடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினோரு ஊட்டில் கறி வேகும். என் ஊட்டில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும். அதனால் நான் சனிக்கிழமையே குழம்பு வைத்துவிடுவேனுங்க மேடம். அடுத்த நாள் சூடு பண்ணிக்கொண்டால் ஆச்சு.

சாட்சி சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வரச்சொன்னீர்கள் என்று தெரியும். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். நான் மெதுவாகச் சொல்கிறவள். படிப்பதும் அப்படித்தான்.

எனக்கு ஐம்பத்தொண்ணு நடக்கிறது. நாற்பத்தேழு வரைக்கும் கைநாட்டு. சின்னதில் குன்னத்தூர்ப் பக்கம் கடலைக்காட்டு வேலை, கல்யாணம் ஆனதிலிருந்து இங்கே வீரபாண்டியில் பனியன் கம்பெனி. பஸ் வந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் "ஏனுங்க, இது எங்கே போகுதுங்க" என்று கேட்டே முக்கால்வாசி வயசு போய்விட்டது. என் ஊட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, நிர்மலா டீச்சர் சாயந்திரம் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்தேன். ஒன்றரை வருசத்தில் எழுத்துக் கூட்டினேன். வகுப்பு முடிந்ததும் டீச்சர் ஒரு பெட்டி நிறையக் குழந்தைப் புத்தகம் கொடுத்தார். எழுத்துப் பெருசாக இருக்கும், கண்ணுக்குச் சிரமமில்லை என்றார்.

வாசற்படியில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். குழந்தைகள் முதலில் சிரிக்கத்தான் வந்தன. பிறகு படம் பார்க்க உட்கார்ந்தன. டீச்சர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, அட்டைப்பெட்டியைக் கிழித்து 'வாசிப்பு வட்டம்' என்று எழுதி என் கதவில் மாட்டிவிட்டார். வாரத்தில் ஆறு நாள் நான் ஏழாம் டேபிள் செக்கிங். ஞாயிறு பத்திலிருந்து பதினொண்ணு வரைக்கும் ஒன்பது குழந்தைகள் என் வாயைப் பார்க்கும். எனக்கு இருந்தது அந்த ஒரு மணி நேரம்தானுங்க.

செக்கிங் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்போம். ஓட்டையோ ஆயில் கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். சூப்பர்வைசர் சசிகுமார் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இது: "டவுட்னா ஒட்டிருங்கக்கா. அதை ரெடி பண்றதா, கழிக்கறதான்னு யோசிக்கறது உங்க வேலையில்லை." பத்தொன்பது வருசம் அப்படித்தான் ஒட்டினேன். ஒட்டின பீஸ் எங்கே போச்சு, என்ன ஆச்சு என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்க நேரமும் இருக்காது. அடுத்த கட்டு வந்துவிடும்.

முனீஸ் எங்கள் காம்பவுண்டின் கடைசி ரூமுக்கு வந்தது ஆடி மாசத்தில். தெக்கத்திப் பையன், ராமநாதபுரம் பக்கம். ஓவர்லாக் மெஷினில் தைக்கிற டெய்லர். இருபத்துநாலு வயசு. இரண்டாம் வாரமே என் ஊட்டு வாசலில் வந்து நின்றான். நான் ஒரு பக்கத்தைப் பாதி கடந்திருப்பேன். "நீங்க கொஞ்சம் இருங்கக்கா, நான் வாசிக்கேன்" என்று புத்தகத்தை வாங்கினான். நரிக்கு ஒரு குரல், கழுதைக்கு ஒரு குரல். குழந்தைகள் உருண்டு சிரித்தன. அன்றைக்கு மூன்று புத்தகம் முடிந்தது. என்னிடம் ஒரு புத்தகம் இரண்டு ஞாயிறு ஓடும்.

எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்து ஊட்டுக் கோமளாவின் மகள் யாழினி, ஏழு வயசு, வெள்ளையாகப் பேசும். "பெரியம்மா, நீங்க படிச்சா ஆட்டுக்குட்டி வளந்து கெடாவே ஆயிருது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முனீஸ்தான், "ஏய், அப்படிச் சொல்லக்கூடாது. அக்கா சோறு மாதிரி, நான் மிச்சர் மாதிரி" என்றான். நல்ல பையன். அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

நீங்கள் கேட்கிற அந்த ஞாயிற்றுக்கு டீச்சர் வெளியிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். "நாப்பத்தேழு வயசுல எழுத்துப் படிச்சவங்க குழந்தைகளுக்குக் கதை வாசிக்கறாங்கன்னு சொல்லியிருக்கேன், நீங்கதான் படிக்கணும்" என்றார். நான் ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தேன். கழுத்து மணியை விழுங்கிவிட்ட ஆட்டுக்குட்டியின் கதை. முப்பத்திரண்டு பக்கம். அது எங்கே ஒளிந்தாலும் வயிற்றுக்குள்ளிருந்து மணி அடிக்கும். அதுவரைக்கும் யாருக்கும் படித்துக் காட்டாத புத்தகம்.

திங்கட்கிழமை பஸ்ஸில் நின்றுகொண்டே நாலு பக்கம் படித்தேன். செவ்வாய் டீ டைமில் ஐந்து. பக்கத்து டேபிள் ரங்காத்தாள், "என்னக்கா, பரீச்சையா?" என்றாள். ஆமாம் என்றேன். புதன்கிழமை ஓவர்டைம், புத்தகத்தை எடுத்துப்போகவில்லை. வியாழக்கிழமை விரல் வைக்காமல் பாதிவரை ஓடியது. வெள்ளிக்கிழமை அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாமல் படித்தேன். ஒரு வாரம் முழுக்க ஒரு ஆட்டுக்குட்டியோடு இருந்தேனுங்க. என் வாழ்க்கையில் எதற்கும் அப்படி ஒரு வாரம் ஒதுக்கினதில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் யாழினி தண்ணீர்க் குழாயடியில் நின்று, "டிங் டிங், நான் இங்க இல்லை, டிங் டிங்" என்று ஆடினாள். அது இருபதாம் பக்கம்.

"இது எங்க கண்ணு படிச்சே?"

"முனீஸ் அண்ணன் சொன்னாரு. புதன்கிழமை."

எங்கள் காம்பவுண்டில் வேலைக்குப் போகிறவர்கள் ஊட்டுச் சாவியைப் பக்கத்து ஊட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போவோம். என் சாவி கோமளா ஊட்டில் இருக்கும். நான் ஓவர்டைமில் இருந்தபோது அவன் கோமளாவிடம் சாவி வாங்கிப் பெட்டியைத் திறந்து, மேலாக இருந்த புத்தகத்தை எடுத்திருக்கிறான். படித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறான். வேண்டுமென்று செய்யவில்லை. பெட்டியில் நாற்பது புத்தகம், அவன் கைக்கு அதுதான் வந்தது.

சனிக்கிழமை டீச்சருக்குப் போன் பண்ணினேன். வேறு புத்தகம் தயார் பண்ண நேரமில்லை என்று சொல்லத்தான். கேட்டுவிட்டு, "பரவாயில்லைக்கா. அந்தத் தம்பியே படிக்கட்டும், குழந்தைகளும் ரசிக்கறாங்க. நீங்க வர்றவங்களுக்கு டீயும் பிஸ்கட்டும் மட்டும் பாத்துக்கங்க" என்றார். சரிங்க என்றேன். முனீஸிடம் சொன்னபோது, குழந்தைகள் அதே ஆட்டுக்குட்டிக் கதையைத்தான் கேட்கின்றன என்றான். இரண்டு பாக்கெட் பிஸ்கட் வாங்கி வைத்தேன்.

அந்த நேரம்தான் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று எல்லோர் போனிலும் வந்துகொண்டிருந்தது. நீங்களே அது பொய் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னீர்கள். நான் நின்று கேட்டேன்.

காம்பவுண்டு ஆட்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. தண்ணீர் வருகிறது, கேஸ் வருகிறது என்று போடுவார்கள். நான் எப்போதும் பேசித்தான் அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் தடவையாக எழுதினேன். கால் மணி நேரம் ஆனது. 'கடைசி ரூம் முனீஸ் போன வாரம் யாழினியை மடியில் உட்கார வைத்திருந்தான். நான் பார்த்தேன்.'

பொய் ஒன்றும் எழுதவில்லை. உட்கார வைத்திருந்தான். அவள்தான் படம் தெரியவில்லை என்று ஏறி உட்கார்ந்தாள். அவன் தோளில் இன்னும் இரண்டு பேர் தொங்கினார்கள். என் ஊட்டு வாசல், கதவு திறந்திருந்தது, கோமளா எதிரிலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், இடையில் பூண்டு எடுக்க உள்ளே போனாள். இதையெல்லாம் எழுதவில்லை. ஸ்டிக்கரில் அவ்வளவு இடம் இருக்காது. ரூமைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அதை முடிவு பண்ணுவது என் வேலையில்லை.

எட்டரைக்கு யாழினியின் அப்பா தண்டாயுதபாணி பார்த்தார். அவர் அதை லோடுமேன்கள் குரூப்புக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே யாரோ மேலே 'பிள்ளை பிடிக்கிறவன்' என்று சேர்த்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. அனுப்பினதை அழிக்கலாம் என்பதும் அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அழித்திருப்பேனா என்று கேட்காதீர்கள்.

ஒன்பதரைக்கு அடுத்த தெரு ஆட்களெல்லாம் வந்துவிட்டார்கள். முனீஸ் சலூனுக்குப் போயிருந்தான். கோமளா ஓடி வந்து, "செல்லாக்கா, புள்ளைங்க எல்லாம் உங்க ஊட்டுக்குள்ள இருக்கட்டுங்க. உங்களை விட்டா யாரை நம்பறது" என்றாள். ஒன்பது குழந்தைகளையும் உள்ளே கூப்பிட்டுப் பாயில் உட்கார வைத்தேன்.

அவன் அயர்ன் பண்ணின சட்டை போட்டு வந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையில் சைக்கிள் பெல். கதையில் மணி வருகிற இடத்தில் அடிப்பதற்குத் தன் சைக்கிளிலிருந்து கழற்றி வைத்திருந்தான். உங்கள் மேசையில் கவர் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதேதான்.

அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. எடுத்ததும் அடிதான். அவன் முதலில் சிரித்தான், ஆள் மாற்றி அடிக்கிறார்கள் என்று நினைத்திருப்பான். பிறகு என் கதவைப் பார்த்துக் கூப்பிட்டான். "செல்லாத்தாக்கா, நீங்க சொல்லுங்கக்கா. நீங்கதான கூட இருந்தீங்க." மூன்று தடவை. அவன் மேல் தப்பில்லை என்று முழுக்கப் பார்த்திருந்த பெரிய ஆள் அந்தக் காம்பவுண்டில் நான் ஒருத்திதான். அது அவனுக்கும் தெரிந்திருந்தது. வெளியே போய் ஒரு வார்த்தை சொன்னால் தண்டாயுதபாணி கையை இறக்கியிருப்பார். நல்ல மனுசன். இப்போது அவரும் நாலு பேரும் ஜெயிலில் இருக்கிறார்கள்.

நான் ஜன்னலைச் சாத்தினேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன்.

"பெரியம்மா, முனீஸ் அண்ணன் கூப்பிடறாரு" என்றாள் யாழினி.

"நீ கதையைக் கேளு கண்ணு" என்றேன்.

ஆட்டுக்குட்டிப் புத்தகத்தை எடுத்தேன். வெளியே சத்தம் அதிகமானால் நானும் சத்தத்தை ஏற்றிக்கொண்டேன். ஒரு இடத்தில் பெல் கீழே விழுந்து உருண்டு கதவில் இடித்து ஒரு தடவை அடித்தது. அது சரியாக மணி வருகிற பக்கம். நான் நிறுத்தவில்லை. கடைசிப் பக்கம் முடிந்தபோது வெளியேயும் சத்தம் அடங்கியிருந்தது. டீச்சர் வந்திருந்தால் கேட்டிருப்பார். பஸ் லேட்டாம். முனீஸ் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான் என்று ரங்காத்தாள்தான் டேபிளில் சொன்னாள்.

நீங்கள் எழுதினதை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டாம் மேடம். கொடுங்கள், நானே படித்துக்கொள்கிறேன். மைப்பெட்டியும் வேண்டாம், கையெழுத்துப் போடுவேன். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு முப்பத்திரண்டு பக்கமும் விரல் வைக்காமல் படித்தேன். ஒரு குழந்தைகூட எழுந்து போகவில்லை, சிரிக்கவில்லை, குறுக்கே பேசவில்லை. முனீஸ் படித்தபோதுகூட அப்படிக் கேட்டதில்லை. யாழினி அன்றிலிருந்து வாயே திறப்பதில்லை என்று கோமளா அழுகிறாள். நான்தான் சமாதானம் சொன்னேன். நல்ல கதை கேட்டால் குழந்தைகள் கொஞ்ச நாளைக்கு அப்படித்தானுங்க இருக்கும்.