மூணரைச் சுத்து

வாசல் இந்தப் பக்கம் இல்லைங்கய்யா, இது சமையக்கட்டு. இத்தோட மூணாவது தடவ வந்துட்டீங்க. சரி, வந்தது வந்தீங்க, பெட்டியக் கீழ வச்சிட்டுச் செத்த உக்காருங்க. ஐயோ, அதுல வேணாம்! அது டச்சுக்காரன் காலத்துச் சாய்வு நாற்காலி. கைப்பிடி ரெண்டும் முன்னாடி முழ நீளம் நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, அதுமேல காலத் தூக்கிப் போட்டா அப்புறம் எறக்கிவிட ஆள் வேணும். போன மாசம் ஒரு ஆஸ்திரேலியாக்காரர, நானும் எம் பொண்டாட்டி முர்னியும் ஆளுக்கொரு காலப் புடிச்சுத்தான் மீட்டெடுத்தோம். இந்த பிளாஸ்டிக் முக்காலில உக்காருங்க. இந்த வீட்டுல உக்காந்தா எந்திரிக்க முடியிற சாமான் இது ஒண்ணுதான்.

கார் வருமுங்க. சொல்லியாச்சு. வர்ற வழியில கோயில் ஊர்வலம், அரை மணி ஆகும். அதுவரைக்கும் காப்பி குடிங்க. சக்கர தூக்கலா போட்டிருக்கேன், உங்க சுரபயா ஊர்க்காரங்களுக்கு அப்படித்தான் புடிக்கும்னு சொல்வாங்க. குடிங்க, ஆறிடும்.

பேயா? எந்தப் பேய்? ஓ, அந்தத் துரையா...

சொன்னேன். நேத்து நீங்க வந்து எறங்குனதும் நாந்தான் சொன்னேன், மறுக்கல. காப்பித்தோட்டத்துத் துரை, எரநூறு வருஷத்துக்கு முன்னாடி இந்தத் தேக்குக் கட்டில்ல படுத்தபடியே செத்தாரு, இன்னும் மீசைய முறுக்கிக்கிட்டு ராத்திரி உலாத்துறாருன்னு. அது லாரஸ் அம்மா எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னதுங்கய்யா. அவங்கதான வீட்டுக்காரம்மா. ஜகார்த்தாவுல உக்காந்துகிட்டு போன்லயே எல்லாம் நடத்துறாங்க. கட்டில் நெசம். நாற்காலி, பீரோ, ஓடாத கடிகாரம், எல்லாம் டச்சுக்காரன் போட்டுட்டுப் போனது, நெசம். துரை மட்டும் பொய். அவருக்குப் பேரே போன வருஷம் ரெண்டு தடவ மாத்துனாங்க. மொதல்ல மீசையே கெடையாது.

நீங்க சொல்றது புரியுது. மத்தியானம் படுக்கும்போது கண்ணுக்கு நேரா ஜன்னல், ஜன்னல்ல மலை. எந்திரிச்சுப் பாத்தா கண்ணுக்கு நேரா பீரோ. மலையக் காணோம். ஆமா, பயமாத்தான் இருக்கும். அசந்து தூங்குனா பக்கம் மாறிப் படுக்குறது இல்லையா... தலகாணியும் கூடவே மாறிருந்துச்சா. சரி. இங்க அப்பப்ப லேசா பூமி ஆடும், வழவழன்னு மெழுகுன தரை வேற, கட்டில் கொஞ்சம் நகந்திருக்கும். நகந்தாத் திரும்பாதுதான். அதுவும் சரிதான்.

கொசுவலையா? அது மோட்டு வளையத்துல இருந்து தொங்குதுல்ல, காத்துக்கு முறுக்கிக்கும். கயிறு திரிச்ச மாதிரி முறுக்கிக்குமான்னா... முறுக்கிக்கும். பலமான காத்து.

தலப்பா கட்டுன எட்டுப் பேரா? எண்ணிட்டீங்களா! அரைத் தூக்கத்துல கூட எண்ணிட்டீங்க. டைல்ஸ் கம்பெனிக்காரர்னா சும்மாவா. அதுல ஒருத்தன் சிரிச்சானா? குண்டா, முன்பல்லு ஒண்ணு இல்லாமயா? இல்ல, எனக்கெப்படித் தெரியும், சும்மா கேட்டேன்.

ஐயா, ஐயா, போனக் கீழ வைங்க. லாரஸ் அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இந்த வருஷத்துல வாடகைக்குத் தங்க வந்தவங்கள்ல ரெண்டு பேரு பாதியில கெளம்பிட்டாங்க. ஒருத்தருக்குப் பல்லி சத்தம் புடிக்கல, ஒருத்தருக்கு என்னையவே புடிக்கல. மூணாவதா ஒரு ஆளு போனா சாமானெல்லாம் ஜகார்த்தாவுக்கு, வீட்டுக்குப் பூட்டு, நெங்கா, நீயும் உம் பொண்டாட்டியும் வேற எடம் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க. பன்னெண்டு வருஷமா நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம். முர்னிக்கு இந்த அடுப்பத் தவிர வேற அடுப்புல சோறு கொழையும். எனக்கு இந்தக் கட்டிலத் தொடைக்கிறதத் தவிர வேற தொழில் தெரியாது.

கோவப்பட மாட்டேன்னு சொல்லுங்க, சொல்றேன். பாதிக் கோவமா? சரி, பாதி பரவால்ல.

லாரஸ் அம்மா அந்தக் கட்டில எப்படிப் போடச் சொல்லிருக்காங்க? படுத்தா மலை தெரியணும். மலை தெரியணும்னா கால் எந்தப் பக்கம் நீட்டிருக்கும்? மலைப் பக்கம். அந்த மலை யாருங்கய்யா? எங்க சாமியெல்லாம் குடியிருக்கிற எடம். தலைய வச்சுப் படுக்க வேண்டிய தெசையில உள்ளங்காலக் காட்டிக்கிட்டு, அதுவும் வாடகை குடுத்துப் படுக்குறாங்க! எங்களால பாக்க முடியல. அதனால ஆள் வர்றதுக்கு முன்னாடி திருப்பிப் போட்டுருவோம். லாரஸ் அம்மா போட்டோ கேட்டா மறுபடி அவங்க சொன்ன மாதிரி போட்டுருவோம். எரநூறு வருஷத்துல அந்தக் கட்டில் இவ்வளவு ஊர் சுத்துனதில்ல.

நேத்துக் காலைல பாத்துப் போட்டோ கேட்டுட்டாங்க. அவங்க சொன்ன மாதிரி போட்டு, எடுத்து அனுப்புறேன், நீங்க வந்து நிக்கிறீங்க. சரி, வெளிய போவீங்க, அப்பத் திருப்பிக்கலாம்னு பாத்தேன். கடலுக்குப் போங்கன்னேன். போகல. கோயிலுக்குன்னேன். போகல. எருமப் பந்தயம்னு கூடச் சொன்னேன், அது இந்தப் பக்கத்துலயே கெடையாது. டாக்டர் தூங்கச் சொல்லிருக்காருன்னு சொல்லிட்டுப் படுத்துட்டீங்க.

இன்னிக்கு மத்தியானம் முர்னி காப்பி கொண்டு வந்தா. நீங்க வெள்ளத் துணியக் கழுத்து வரைக்கும் இழுத்து, ரெண்டு கையயும் நெஞ்சுல கட்டி, கால மலையப் பாத்து நீட்டிக்கிட்டு... காப்பித் தட்டத் தூக்கி எறிஞ்சிட்டு ஓடி வந்துட்டா. செத்துட்டாருங்குறா. இல்லடி, குறட்டை விடுறாருங்குறேன். அப்படின்னா காலத் திருப்புய்யா, இல்லன்னா அந்த ரூமுக்குள்ள நான் வர மாட்டேன், அந்த ஆளுக்குச் சோறும் கெடையாதுங்குறா. நான் என்ன செய்ய?

எழுப்பிருக்கலாம். ஆனா டாக்டர் சொல்லித் தூங்குறவர எழுப்புறது பாவமில்லையா? அந்த நேரம் பாத்து எங்க தெருச் சங்கத்து ஆளுங்க எட்டுப் பேரு ஆத்துல குளிச்சிட்டு வாசல் வழியாப் போறானுங்க. ரிந்தின்னு ஒருத்தன், குண்டா, பல்லு... ஆமா, அவனேதான். கூப்புட்டேன். சத்தமில்லாம இவர அப்படியே கட்டிலோட தூக்கி அரைச் சுத்து திருப்பி வச்சிருங்கடா, போயிருங்கடான்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அரைச் சுத்து.

ஆனா பாருங்க, அவனுங்க காலைலதான் வடக்குத் தெருப் பெரியவரு பாடைக் கோபுரத்தத் தூக்கிட்டுப் போயி எரிச்சிட்டு வந்திருக்கானுங்க. நாச்சந்தி வந்தா அத மூணு சுத்து சுத்துவோம், செத்தவருக்கு வீட்டுக்கு வழி மறந்துபோகணும்னு. தோள்ல அந்தச் சூடு எறங்கல. ஒங்களத் தூக்குன ஒடனே, கைப் பழக்கம், ஜோரா மூணு சுத்து சுத்திட்டானுங்க. ஒருத்தன் கத்த வேற ஆரம்பிச்சான், வாயப் பொத்திட்டேன். அப்புறந்தான் நான் சொன்ன அரை. ஆக மூணரை. கொசுவலை முறுக்க எண்ணிப் பாருங்க, சரியா இருக்கும்.

ஒங்களுக்குத் தல சுத்துறது அதாங்கய்யா. வாசலுக்குப் போறேன்னு கெளம்பி மூணு தடவ சமையக்கட்டுக்கு வர்றீங்களே, அதுவும் அதான். எங்க ஆளுங்க சுத்துனா அப்படித்தான், வேலை சுத்தமா இருக்கும்.

சிரிக்கிறீங்களா, அழறீங்களா? நல்லது, எதுவா இருந்தாலும் நல்லது.

மாத்து இருக்கு. மறுபடி படுத்துக்கங்க, எதிர்ப்பக்கமா மூணே மூணு சுத்து, தெளிஞ்சிரும். எட்டுப் பேரும் பின்பக்கம் காப்பி குடிச்சுக்கிட்டுதான் இருக்கானுங்க, மன்னிப்புக் கேக்கணும்னு ஒக்காந்திருக்கானுங்க. இல்லன்னா கார் இப்ப வந்துரும், உங்க இஷ்டம். பெட்டிய நானே கொண்டாந்து வைக்கிறேன்.

ஐயா, ஐயா, வாசல் அங்க இல்ல! அது கட்டில் இருக்கிற ரூமு.

ஓ, தெரிஞ்சேதான் போறீங்களா?

முர்னி! வேற காப்பி போடு. ரிந்தி, கார்க்காரன் வந்தா திருப்பி அனுப்பு. அனுப்பிட்டு எல்லாரும் உள்ள வாங்கடா, மெதுவா. எண்ணிக்கிட்டே சுத்துங்க.