தொண்ணூற்றேழாம் நாள்

மரவள்ளிக் கிழங்கு ஆலையில் வேலைக்குச் சேர்கிறவர் முதலில் பழக வேண்டியது நாற்றத்துக்கு. எனக்கு நான்கே நாளில் பழகிவிட்டது, மேடம். எந்த இடத்துக்கும் சீக்கிரம் ஒத்துப்போகிற ஆள் நான்.

வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மாவு ஆலையை முதலாளி நாராயணசாமி விற்க நினைத்தார். வாங்க வந்த கோயம்புத்தூர் கம்பெனி, ஆட்களும் அதிகம், விபத்தும் அதிகம் என்று விலையைக் குறைத்துக் கேட்டது. ஆறு மாதத்தில் ஆலையின் மதிப்பை உயர்த்திக் கொடுத்தால், விற்கிற விலையில் நூற்றுக்கு இரண்டு எனக்கு என்றார் முதலாளி. மேலாளராகச் சேர்ந்தேன்.

முதலில் மறுசீரமைப்பு. அந்தச் சொல் யாருக்கும் புரியவில்லை, அதனால் யாரும் எதிர்க்கவில்லை. கழிவுநீர்த் தொட்டியைக் கழுவ ஒருவர் இறங்கும்போது, மேலே அம்மாசி என்பவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எட்டு வருடமாக நின்றிருக்கிறார். ஒருமுறைகூடக் கயிற்றை இழுக்க வேண்டி வந்ததில்லை. ஒன்றுமே நடக்காத வேலைக்கு ஒரு ஆள் எதற்கு? அனுப்பிவிட்டேன். மேஸ்திரிகளையும் அனுப்பினேன். முடிவெடுக்கும் உரிமையைத் தொழிலாளர்களிடமே கொடுத்தேன்.

அடுத்தது ஊக்கப் பரிசு. நூறு நாள் விபத்து இல்லையென்றால் ஆளுக்கு அரைப் பவுன். ஒருவருக்கு அடிபட்டாலும் யாருக்கும் கிடையாது. வாசலில் பலகை வைத்து நாட்களை எழுதினோம். விபத்து உடனே நின்றுவிட்டது. இருபதாம் நாள் அரவை மிஷினில் காசியம்மாளுக்கு ஒரு விரல் போனது. வீட்டில் அரிவாள்மணையில் வெட்டிக்கொண்டதாக ஆஸ்பத்திரியில் அவரே சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லும்படி கேட்டது நானில்லை, கூட வேலை செய்தவர்கள். அவ்வளவு ஒற்றுமையை அந்த ஆலை அதற்கு முன் கண்டதில்லை.

தொண்ணூற்றேழாம் நாள் காலை வேடியப்பன் தொட்டியில் இறங்கினார். கரியாலூர்க்காரர். கிழங்கு லோடோடு மலையிலிருந்து வந்து, இங்கேயே வேலைக்குத் தங்கிவிட்டவர். அரைப் பவுனில் மகள் தேவதர்ஷினிக்குக் கம்மல் செய்யப்போவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே விஷவாயு. விழுந்துவிட்டார். மேலே ஆள் இல்லாததால் தெரியக் கொஞ்ச நேரமானது. வீரமணி என்பவர் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி, அவரை மேலே கொண்டுவந்தார். அதற்குள் நானும் அங்கே வந்துவிட்டேன்.

"சார், மூச்சு கீதுங்க. நூத்தியெட்டுக்கு போன் போடட்டுங்களா?" என்றார் வீரமணி.

போடலாம் என்றேன். எங்கே நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள் என்பதையும் சொன்னேன். தகவலை மறைப்பது என் வழக்கமில்லை.

சின்னப்பொண்ணு என்ற பெண் தலையைக் குனிந்துகொண்டே, "இன்னும் மூணு நாளுதாங்க கீது" என்றார்.

"நீங்கதான் முடிவெடுக்கணும்" என்றேன்.

அங்கேயே கூட்டம் போட்டோம். ஐம்பதடி தள்ளிக் களத்தில் வேடியப்பனின் மனைவி தங்கமணி மாவு காயவைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடவில்லை. சொந்தக்காரர் என்றால் நடுநிலை இருக்காது. வீரமணி மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் கை தூக்கினார்கள். ஆலைக்குப் பின்னால் போகும் மண்சாலை ஓரத்தில் வேடியப்பனைக் கிடத்தி, அவருடைய மொபெட்டைப் பக்கத்தில் சாய்த்து வைத்தோம். வண்டியிலிருந்து விழுந்துவிட்டார் என்று தங்கமணிக்குச் சொல்லியனுப்பினேன்.

நூறாம் நாள் கம்பெனிக்காரர்கள் வந்து பலகையைப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆலையின் விலை மூன்றில் ஒரு பங்கு ஏறியது. தங்கமணிக்கு அவருடைய பரிசோடு கணவருடையதையும் சேர்த்து நானே கையில் கொடுத்தேன். "நல்ல மனசுங்க உங்களுக்கு" என்றார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.

வீரமணி பரிசை வாங்காமல் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சாலையில் விழுந்தவரின் நுரையீரலில் கிழங்குக் கழிவுநீர் எப்படி வந்தது என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் கேட்டிருக்கிறார். தொட்டியிலிருந்து எடுத்த பிறகும் முக்கால் மணி நேரம் உயிர் இருந்திருக்கும் என்கிறார். இருந்தது. கூட்டம் அரை மணி நேரம் நடந்தது. ஒருவர் விடாமல் எல்லோருடைய கருத்தையும் கேட்டேன். வேடியப்பனும் எங்கள் நடுவில்தான் படுத்திருந்தார். என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினார். அதை நான் ஆட்சேபணையாக எடுத்துக்கொள்ளவில்லை.