தவக்காலத்துக்கு முந்தைய சாவுச் சாப்பாடு

எனக்கு நடப்பதென்றால் கொள்ளைப் பிரியம், ஐயா. என் வேலையே நடைதான். ரோன் மலையில் எங்கள் கோயில் பங்கில் யார் இறந்தாலும் வீடு வீடாகப் போய்ச் சாவு சொல்கிறவள் நான். கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, நுனியில் ரோஸ்மேரிக் கொத்து கட்டிய தடியோடு வாசலில் நின்று, இன்னார் இறைவனடி சேர்ந்தார், இந்தக் கிழமை அடக்கம், முடிந்ததும் சாப்பிட வாருங்கள் என்று சொல்ல வேண்டும். இருபது வருடத்தில் ஒரு வீட்டைக்கூட விட்டதில்லை. ஒட்டிலி சொல்லாத சாவு செல்லாது என்று பாதிரியாரே கிண்டல் செய்வார்.

உங்கள் எழுத்தர் நிதானமாகவே எழுதட்டும். எனக்கு அவசரமில்லை. இங்கே காவலில் கஞ்சியும் நன்றாக இருக்கிறது.

போன வருடம் கோடையே வராதது உங்களுக்கும் தெரியும். மழை விடவில்லை. தானியம் கதிரிலேயே முளைத்தது, உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே கூழானது. ரொட்டி மாவில் மரத்தூளைக் கலந்தோம். பக்கத்து வீட்டு ஃபைட், "இன்னும் ரெண்டு வாரம் இதையே தின்னா நான் மேசையாயிடுவேன் ஒட்டிலி, என் மேல தட்டு வெச்சு நீ சாப்பிடலாம்" என்றான். தட்டில் வைக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

என் மகள் லீஸலும் சிரிக்கிறவள்தான். ஏழு வயது. ஜனவரிக் கடைசியில் படுத்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. நோய் ஒன்றும் கிடையாது. வயிற்றில் எதுவும் இல்லை, அவ்வளவுதான். "அம்மா, கறி எப்படியிருக்கும்? எனக்கு மறந்தே போச்சு" என்று ஒரு நாள் கேட்டாள்.

ஊரில் கறி ஒரே இடத்தில்தான் இருந்தது. மேட்டுப் பண்ணைக்காரர் கிலியன் ஹோமன் வீட்டுத் தொழுவத்தில், நான்கு காலில் நின்றுகொண்டிருந்தது. அவருடைய களஞ்சியத்திலும் தானியம் இருந்தது. லீஸலுக்காகக் கிண்ணத்தோடு போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை. கலகலப்பான மனிதர். "உயிரோட இருக்கிறவன் கிட்ட எதுக்குடி கேக்கிற? நான் செத்த அன்னிக்கு வா. வயிறு முட்டத் தின்னலாம்" என்றார்.

அதில் தப்பு சொல்ல முடியாது. பண்ணைக்காரர் செத்தால் பங்கு முழுவதற்கும் சாப்பாடு. எருது அடித்துச் சூப், வெள்ளை ரொட்டி, பீர். அதில் குறைத்தால் அந்தக் குடும்பத்துக்குத் தலைமுறைக்கும் அவமானம். வாழும்போது ஒரு பருக்கை தராதவனும் சாவில் கொடுத்தே ஆக வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்தே அவருக்கு நெஞ்சில் சளி. பாதிரியார் வந்து இரண்டு முறை சாகிறவர்களுக்கான எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். இரண்டு முறையும் மனிதர் எழுந்து உட்கார்ந்து முட்டை கேட்டார். ஊரே ஏமாந்தது. பிப்ரவரி நகர்ந்துகொண்டிருந்தது. சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கிவிட்டால் நாற்பது நாளைக்குக் கறி கிடையாது. தவக்காலத்தில் சாகிறவருக்குப் பருப்புச் சூப்தான். மூன்று நாள் கழித்துத்தான் அடக்கம் என்பதால், அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை சாப்பிட வேண்டுமென்றால் அவர் சனிக்கிழமைக்குள் போயாக வேண்டும்.

சனிக்கிழமை காலையில் வானம் கறுத்திருந்தது. பனி கொட்டத் தொடங்கினால் மேல்மலை வீடுகளுக்கு ஏற முடியாது. அதனால் அங்கே முதலில் சாவு சொல்லி முடித்துவிடலாமென்று கிளம்பினேன். பின்னால் யோசித்தால் அந்த ஒன்றுதான் அவசரப்பட்ட காரியம். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் அந்த முகங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. "செவ்வாய்க்கிழமையா? கறிக்கிழமையேதானா?" என்று கேட்டு ஒரு கிழவர் என் கையை முத்தமிட்டார். காட்டுக் காவலர் வீட்டுக்கும் சொன்னேன். வடக்கிலிருந்து வந்தவர், லூத்தரன், சட்டைப்பையில் கடிகாரம் வைத்திருக்கிறவர். வேற்றுச் சபைக்காரர் என்பதற்காக விட்டுவிட முடியுமா?

நண்பகலில் பண்ணைக்கு இறங்கி வந்தேன். அவர் மனைவி வால்புர்கா கன்று ஈனும் பசுவோடு தொழுவத்தில் இருந்தார். "கொஞ்ச நேரம் அவரு பக்கத்துல உக்காரு ஒட்டிலி" என்றார். உள்ளே போனால் மனிதர் கொழுக்கட்டை தின்றுகொண்டிருக்கிறார்.

"வாடி. யாருக்கு இந்தத் தடி அலங்காரம்?"

"உங்களுக்குத்தாங்க எசமான். செவ்வாய்க்கிழமைக்கு."

"நினைப்புதான். புதன்கிழமை வரைக்கும் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குவேன். எருது பொழைச்சுக்கும். ஊரே பருப்பை நக்கட்டும்."

"மேல்மலைக்கெல்லாம் சொல்லிட்டேனே எசமான்."

அதைக் கேட்டுச் சிரித்தார், சிரித்து இருமினார். தலையணையைச் சரி செய்யட்டுமா என்று கேட்டேன். செய் என்றார். அவரே செய்யச் சொன்னார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாசலில் நின்று சொன்ன அழைப்பைத் திரும்பப் பெறும் வழக்கம் எங்களிடம் இல்லை. பசித்த வயிற்றைக் கூப்பிட்டுவிட்டு இல்லை என்று சொல்வது பெரிய பாவம். அது வாத்து இறகுத் தலையணை, கனமே இல்லை. அதனால் நான்தான் மேலே சாய்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ஜெபமாலையில் இரண்டு பத்து ஜெபம் சொல்லி முடிக்கும் நேரம். சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு ஆன்மா போக ஜன்னலைத் திறந்துவிட்டு, முகத்தைத் துடைத்து, தொழுவத்துக்குப் போய் வால்புர்காவிடம் சொன்னேன். அவர் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எருதை அடிச்சுத்தான் ஆகணுமா?" என்று கேட்டார். ஆகணும் என்றேன். ஒரு மணிக்குக் கோயிலில் சாவு மணி அடித்தார்கள். மேல்மலையில் அந்தக் காட்டுக் காவலர் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். நான் அவர் வாசலில் நின்றது ஒன்பது மணிக்கு.

செவ்வாய்க்கிழமை மாதிரி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. ஆளுக்கொரு கரண்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மலையே இறங்கி வந்தது. ஃபைட் என் லீஸலை முதுகில் சுமந்து வந்தான். மூன்றாவது குவளை பீருக்குப் பிறகு அவன் எழுந்து நின்று, "கிலியன் எசமான் உயிரோட இருந்தப்ப இவ்வளவு நல்லவரா இருந்ததே இல்லப்பா!" என்றான். வால்புர்காகூடச் சிரித்துவிட்டார். லீஸல் சூப்பைக் குடித்தாள், கறியைத் தின்றாள், கன்னம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். "இன்னும் கொஞ்சம்மா" என்றாள். பரிமாறிய பெண், "காஞ்ச வயிறு, பாத்துக் குடு ஒட்டிலி, தாங்காது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை கேட்கும்போது கையை இழுத்துக்கொள்ள நான் என்ன மேட்டுப் பண்ணைக்காரியா? மூன்றாவது கிண்ணத்தையும் நானே ஊட்டினேன்.

புதன்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். வியாழக்கிழமை காலையில் போய்விட்டாள். அவளுக்கும் நானேதான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சாப்பாடு என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

கிலியன் ஹோமனைக் கொன்றது நான்தான். மறுக்கவில்லை. கொன்றது அவர் ஒருவரை மட்டும்தான், அதைத் தெளிவாக எழுதுங்கள். ஊருக்குள் வேறு மாதிரியும் பேசுகிறார்களாம். என் லீஸல் பட்டினியால் சாகவில்லை, ஐயா. வயிறு நிறைந்துதான் போனாள்.