சேலத்தில் இறங்கும்வரை

முடிக்காத விமானத்தை விற்பது இப்போது சகஜம் சார். நீங்கள் சிமுலேட்டர் ஓட்டியிருக்க மாட்டீர்கள், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் மென்பொருள் அது. அதோடு சில விமானங்கள் சேர்ந்தே வரும். அவை போதாதவர்களுக்காக வெளிநாட்டில் சின்னச் சின்னக் குழுக்கள் தனியாக விமானம் செய்து விற்கின்றன. ஒன்றை ஒழுங்காகச் செய்து முடிக்க வருடக்கணக்கில் ஆகும் என்பதால் பாதி வேலையிலேயே விற்பனைக்கு விட்டுவிடுவார்கள். இப்போது வாங்கினால் விலை குறைவு, மீதியைப் பிறகு செய்து தருகிறோம் என்பார்கள். சிலர் செய்து தருவார்கள். சிலர் காணாமல் போய்விடுவார்கள். நான் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். வாங்கிய விமானத்துக்குச் சக்கரம் மடங்காது. அடுத்த மாதம் சரியாகும் என்றார்கள். இன்னும் அது சக்கரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் பறக்கிறது.

குலாம் ரசூல் பாயை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். வரும்போது பார்த்தேன். அவரை அனுப்பிவிடலாம். அவர் விற்ற இன்வர்ட்டரில் ஒரு குறையும் இல்லை. அது கட் ஆனதால்தான் என் அண்ணன் எல்லப்பன் செத்தான் என்று அண்ணியிடம் சொன்னது நான். பழைய பேட்டரியைப் புதிது என்று தலையில் கட்டிவிட்டார் என்று அண்ணி புகார் எழுதிக்கொடுத்தது அதை நம்பித்தான். உண்மையில் நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். விமானத்தை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது.

அண்ணன் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் பாலிஷ் வேலை பார்த்தவன். நுரையீரல் முழுக்கக் கல்தூசி. வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வைத்திருக்கிறோம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாயில் அனுப்பும், கரண்டில் ஓடும். கரண்ட் போனால் இன்வர்ட்டர். அதுவும் போனால் சிலிண்டர். அண்ணி மோகனப்ரியா செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் பகல் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவாள். பகலில் அண்ணனைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

நான் வார்ப்புக் கம்பெனியில் ராத்திரி ஷிப்டில் இருந்தேன். நின்றுவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. ஒரு நாள் பஸ் வந்து நின்றது, நான் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. மூன்றாம் நாள் டிரைவர் ஹாரன் அடிக்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு சிமுலேட்டர்தான். எங்களுக்கு ஒரு டெலிகிராம் குழு உண்டு. கோயம்புத்தூர், நாகர்கோவில், துபாய் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள். புதிதாக எந்த விமானம் வந்தாலும் ஹரீஷ் சொல்லட்டும், அப்புறம் வாங்கலாம் என்று காத்திருப்பார்கள். என் வார்த்தைக்காக யாராவது காத்திருப்பது அந்த ஓர் இடத்தில்தான்.

இப்போது வந்தது இரண்டு புரொப்பல்லர் வைத்த விமானம். சின்ன ஊர்களுக்கு ஓடுகிற வகை. வெளியே பார்க்க அத்தனை அழகு, இறக்கையில் ஆணி ஆணியாகத் தெரியும். உள்ளே பாதி ஸ்விட்ச்சுகள் வெறும் படம். வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் வீடியோ பார்த்தேன். ஒருவன் வாங்கு என்பான், இன்னொருவன் பணத்தைச் சாக்கடையில் போடாதே என்பான். அந்த வாரம்தான் சிலிண்டர் காலியாக இருந்தது. முந்தைய மின்தடையில் தீர்ந்துபோனது. சூளகிரி போகும் ரோட்டில் மாற்றித் தருவார்கள், பைக்கில் கட்டி எடுத்துப் போனால் ஒரு காலை வேலை. போகலாம் என்றுதான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் இன்னொரு வீடியோ வந்தது.

கடைசியில் வாங்கினேன். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் மதியத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பது கடையின் விதி. பெரிய ஃபைல், எங்கள் நெட் லைனில் இறங்கி முடிக்கவே விடிந்துவிட்டது. அன்றைக்குத்தான் மாதாந்திர மின்தடை.

அண்ணி கிளம்பும்போது கேட்டாள்.

"சிலிண்டர் மாத்திட்டியா ஹரீசு? இன்னிக்கி கரண்ட் போவும், பேப்பர்ல போட்டிருக்கான்."

"மாத்தியாச்சு அண்ணி."

"எப்ப மாத்துன? நான் பாக்கவேயில்லியே."

அண்ணன் கட்டிலிலிருந்து சொன்னான். "அவன் சிலிண்டர மாத்துனானோ இல்லியோ, ஏரோபிளேன மாத்திட்டான்."

"நீ பேசாத. பேசினா மூச்சு வாங்குது, அப்புறம் ராத்திரியெல்லாம் நாந்தான் முதுகத் தடவணும்," என்று அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். சிலிண்டர் மூலையில் நின்றது. காலியானதும் நிறைந்ததும் பார்வைக்கு ஒன்றுதான்.

சொன்ன நேரத்துக்குக் கரண்ட் போனது. மிஷின் இன்வர்ட்டரில் ஓட ஆரம்பித்தது. இன்வர்ட்டரை மாட்டிய அன்றே பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "தம்பி, இது அண்ணனோட மிஷினுக்கு மட்டும். உன் கம்ப்யூட்டரு கரண்டக் குடிக்கிற பேயி. ரெண்டையும் சேத்துப் போட்டா கட்டாயிடும். அப்ப என்னைத் திட்டாத." எனக்கு அது நன்றாகவே தெரியும். ஒன்று ஓடும், அல்லது மற்றது ஓடும்.

சும்மா உட்கார்ந்துதான் இருந்தேன். மதியத்தோடு கெடு முடிகிறது. ஓட்டிப் பார்க்காமல் எப்படி முடிவு செய்வது? குழுவில் இரண்டு பேர் காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கக்கூஸ் போகும்போது குழாயைக் கழற்றிவிட்டுத்தான் போவான். போய் வந்து மூச்சு வாங்குவான், பிறகு சரியாகிவிடும். அதையும் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று எழுத வேண்டாம்.

அவனிடம் கேட்டேன்.

"ணா, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துக்கட்டா? மிஷின நிறுத்திட்டு உனக்கு சிலிண்டர்ல போட்டுடறேன்."

"எது வரைக்கும்?"

"சேலம்."

"சேலத்துக்கு எதுக்குடா ஏரோபிளேனு? பஸ் ஸ்டாண்டுல போய் நின்னா கைய புடிச்சு இழுத்து ஏத்துவான்." சிரித்தான், இருமினான். "போ, போ. கெலவரப்பள்ளி மேல போறப்ப சொல்லு. டேம்ல அந்தச் சாக்கட நொர தெரியுதான்னு பாக்கணும்."

இங்கே ஒன்று விளக்க வேண்டும். வார்ப்பு மிஷினில் ஒரு பாதுகாப்புக் கதவு உண்டு. அது மூடினால்தான் மிஷின் அடிக்கும். ஒவ்வொரு தடவையும் கதவை மூடித் திறந்துகொண்டிருந்தால் சொன்ன எண்ணிக்கை வராது. அதனால் கதவு மூடியதைக் கண்டுபிடிக்கும் சென்சாரின் மேல் சின்னக் காந்தம் ஒன்றை ஒட்டிவிடுவோம். கதவு திறந்தே கிடக்கும், மிஷினுக்கு மூடியிருப்பதாகத் தோன்றும், வேலை ஓடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். ஆடிட் வரும் நாளில் மட்டும் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வோம். அங்கே அதை யாரும் தப்பு என்று நினைப்பதில்லை.

அண்ணனுடைய குழாயைக் காலி சிலிண்டரில் மாட்டினேன். வால்வைத் திறந்தேன். மீட்டர் முள் அசையவில்லை. மீட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். குழாயை அவன் மூக்கில் சரிசெய்து, காதுக்குப் பின்னால் மடக்கிவிட்டேன்.

"வருதாணா?"

"வருதுன்னுதான் நெனக்கிறேன்."

காலி என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவான். பயந்தால் மூச்சு அதிகம் வாங்கும், அவனைப் பயப்பட விடாதீர்கள் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

மிஷினை நிறுத்தினேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். இன்வர்ட்டர் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. பாய்க்காக இதைக் குறிப்பாக எழுதிக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் ஏறினேன். ஏறுவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தெற்கே திரும்பினால் உடனே நம் ஊர்தான். அண்ணன் இருப்பது உள் அறை, நான் ஹாலில். கதவு திறந்துதான் இருந்தது.

"கெலவரப்பள்ளி வந்தாச்சுணா."

"நொர?"

"நொரயெல்லாம் போடல. தண்ணி மட்டுந்தான் இருக்குது."

கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வந்தது. "அப்ப அதுவும்... அரகொறதான்."

அவன் கடைசியாகப் பேசியது அது.

சூளகிரி தாண்டியபோது தட்டும் சத்தம் கேட்டது. கட்டில் இரும்புக் கட்டில். பக்கத்தில் எப்போதும் எவர்சில்வர் டம்ளர் இருக்கும், அதை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டினான். அவனுக்கு ஏதாவது வேண்டும் என்றால் அப்படித்தான் கூப்பிடுவான். ஹெட்போன் போட்டிருந்தாயே, எப்படிக் கேட்டது என்பீர்கள். அந்த விமானத்துக்கு என்ஜின் சத்தம் இன்னும் செய்து முடிக்கவில்லை. புரொப்பல்லர் சுற்றும், காதில் ஒன்றும் வராது. அதனால் எல்லாம் கேட்டது.

இப்போது எழுந்தால் அந்தப் பயணம் வீண். இந்த விமானத்தில் பாதியில் சேமித்து வைத்துப் பிறகு தொடர முடியாது. திரும்பத் திறந்தால் இரண்டு என்ஜினும் அணைந்துபோய் விழும். எல்லா வீடியோவிலும் அந்தக் குறையைச் சொல்லியிருந்தார்கள். அப்படியே நிறுத்தி வைத்தாலும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும், மிஷினைப் போட முடியாது. மேலும் நான் எழுந்து போய் என்ன செய்வது? சிலிண்டர் காலி. இறங்கிவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்தேன். அது நியாயமாகத்தான் பட்டது.

கிருஷ்ணகிரி மலை தெரிந்த நேரம் ஜன்னலில் வெங்கடம்மாள் வந்து நின்றாள். அடுத்த வீட்டுக்காரி, தளியில் பிறந்தவள், பூக்கட்டி விற்பவள். அவளை நீங்கள் விசாரிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

"ஏனப்பா, உள்ள என்ன சத்தம்?"

ஹெட்போனைக் கழற்றினேன். "அண்ணன்தான். தாளம் போட்டுக்கிட்டிருக்கான்."

"தாளமா? அப்போ ஒடம்பு தேறிடுச்சுன்னு சொல்லு. நாளைக்கி எந்திரிச்சு ஆடப்போறான், உங்கண்ணிகிட்ட சொல்லிவை." சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பூக்கூடை அவள் இடுப்பில் இருந்தது.

சேலத்தில் இறங்கினேன். சரியாக இறங்கவில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் மூக்கு வலப்பக்கம் இழுத்தது, ஓடுபாதையை விட்டுப் புல்லில் போய் நின்றது. தப்பு என் கையிலா, விமானத்திலா என்று தெரியவில்லை. அது தெரியாமல் குழுவுக்கு என்ன பதில் சொல்வது? அரைகுறையாக ஒரு வார்த்தை சொல்லி நாலு பேரை வாங்க வைப்பது எனக்குப் பிடிக்காது. நானே அப்படி ஏமாந்தவன்.

அதனால் மறுபடி ஏறினேன். சேலத்தைச் சுற்றி ஒரு வட்டம், அவ்வளவுதான். தட்டும் சத்தம் அப்போது மெதுவாகியிருந்தது. வட்டத்தின் பாதியில் நின்றுவிட்டது. டம்ளர் தரையில் விழுந்து உருண்டதும் கேட்டது. இந்த முறை வேகத்தைக் குறைத்து, காற்றுப் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து இறங்கினேன். கோடு போட்டது போல நேராக ஓடி நின்றது. தப்பு என் கையில்தான் இருந்திருக்கிறது. விமானம் நல்ல விமானம்.

கெடு முடிய இன்னும் நேரம் இருந்தது. திருப்பிக் கொடுக்கவில்லை. குழுவில் எழுதினேன்: வாங்கலாம், மீதியைச் செய்து முடிப்பார்கள் என்று நம்புகிறேன். பிறகு ஹெட்போனை மடக்கி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அவன் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தான். உதடு நீலம். குழாய் மூக்கிலேயே இருந்தது, கழற்றி எறியவில்லை. அதில் காற்று வருகிறது என்று கடைசி வரைக்கும் நம்பியிருக்கிறான். நான் அழவில்லை. சிலிண்டரிலிருந்து குழாயை எடுத்து மிஷினில் மாட்டினேன். மிஷினையும் போட்டேன், கம்ப்யூட்டரும் ஓடிக்கொண்டிருந்தது. பாய் சொன்னபடியே இன்வர்ட்டர் உடனே கட் ஆனது. நீங்கள் வந்து பார்த்தது அதைத்தான். இன்வர்ட்டர் கட் ஆனதும் சிலிண்டரில் போட்டேன், அதுவும் தீர்ந்துவிட்டது என்று அண்ணியிடம் சொன்னேன். அவள் கேள்வி கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, நீ ஒருத்தனா எப்படி சமாளிச்ச என்றுதான் அழுதாள்.

அண்ணன் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. இந்தக் கம்ப்யூட்டருக்குப் பாதிப் பணம் அவன் போட்டதுதான். சிலிண்டர் மாற்றாததற்கும் பொய் சொன்னதற்கும் என்ன போடுகிறீர்களோ போடுங்கள். கொலை என்று போட்டால் அது சரியாக வராது. விமானத்தைப் பற்றி மட்டும்தான் அன்றைக்கு நான் முடிவு செய்தேன். அண்ணனைப் பற்றி எதுவும் முடிவு செய்யவில்லை.

தட்டுவது நின்றபோது என்ன நினைத்தாய் என்று இதோடு மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். மூச்சு சீராகி அண்ணன் தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் சார். வேறு மாதிரி எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.