இரண்டு நாற்பது

எனக்கு மத்தியானச் சாப்பாடு நிம்மதியாக இருக்க வேண்டும். கிட்வே சுரங்கத்தில் என்னோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ன்ஷிமாக் களி ஆறிப்போனால் கோபம் வரும். மற்றபடி நான் சாது.

எங்கள் செப்புச் சுரங்கத்தில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் அலாரம் அடிக்க ஒரு புரோகிராம் உண்டு. வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த சர்வரில் அது ஓடியது. அதன் பாஸ்வேர்டு இரண்டே பேருக்குத்தான் தெரியும்: காலை ஷிப்டில் இருந்த எனக்கும், இரண்டு மணிக்கு வரும் இனோங்கேவுக்கும். அலாரம் அடிக்கடி பொய்யாக அடிக்கும். அடித்தால் நூறு பேர் வேலையைப் போட்டுவிட்டு மேலே ஏறி வரவேண்டும். ஃபோர்மன் கபாசா எல்லார் முன்னாலும், "என்ன பாஷி மபாலோ, ஒங்க மெஷினுக்கு மறுபடியும் வயித்தால போவுதா?" என்பான். மபாலோவின் அப்பா என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே மானத்தை வாங்குவான்.

அன்று பன்னிரண்டு மணிக்கு அதை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டேன். ஒன்று ஐம்பதுக்குத் திரும்ப ஓடவிட்டேன். இரண்டுக்கு இனோங்கே வந்தாள். அலாரம் அடிக்காமலே இரண்டரைக்குச் சுரங்கத்தில் தண்ணீர் நிரம்பியது. ஏழு பேர் மேலே வரவில்லை.

புரோகிராம் எப்போது தொடங்கியது என்று விசாரணை அதிகாரிகள் கேட்டார்கள். சர்வர் காட்டிய பட்டியலை அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாற்பது என்றிருந்தது; அதாவது இனோங்கேவின் ஷிப்டில், தண்ணீர் நிரம்பிய பிறகு. நான் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அந்தச் சர்வரின் கடிகாரம் சரியாகத்தான் ஓடும். புரோகிராம்கள் தொடங்கிய நேரத்தை மட்டும் ஐம்பது நிமிடம் கூட்டிக் காட்டும். அந்த வருடம் ஈஸ்டரின்போது அதைக் கண்டுபிடித்தவனே நான்தான்.

"நீங்கதானே எனக்குக் காட்டினீங்க, பாஷி மபாலோ? அது தப்பாக் காட்டும்னு இவங்ககிட்டச் சொல்லுங்களேன்," என்றாள் இனோங்கே.

சொல்வதென்ன, செய்தே காட்டினேன். அதிகாரிகள் கண்ணெதிரே புதிதாக ஒரு புரோகிராமைத் தொடங்கினேன். அப்போது மணி பத்தேகால், பட்டியலிலும் பத்தேகால். முந்தின நாள் சாயங்காலம் சர்வரை ரீஸ்டார்ட் செய்திருந்தேன். அப்படிச் செய்தால் அந்தக் கோளாறு போய்விடும். அதை யாரும் கேட்கவில்லை.

அவளுக்குப் பதினோரு வருடம் போட்டார்கள். ஞாயிறுதோறும் கபென்டா மீன் வறுத்துச் சிறைக்குக் கொண்டுபோகிறேன். அவள் வாங்க வருவதில்லை, காவலர்கள்தான் தின்கிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கும். என் நிலைமை மட்டும் என்ன வாழ்கிறது? வேலையை விட முடியாது. விட்டால் வேறொருவன் வந்து பழையதைத் தோண்டுவான். ஆறு வருடமாக ஒருநாள் லீவு போட்டதில்லை. அவளுக்காவது வெளியே வரும் தேதி தெரியும்.

ஒன்று ஐம்பதுக்குத் திரையில் என்ன பார்த்தேன் என்று கேட்கிறீர்கள். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு மேலே இருந்தது. கோட்டைத் தாண்டும்போதுதான் அலாரம் அடிக்கும். தாண்டிய பிறகு ஓடவிட்டால் அடிக்காது. கீழே ஒரு போன் போட்டிருந்தால் போதும். நாற்பது நிமிடம் இருந்தது, ஏழு பேரும் ஏறி வந்திருப்பார்கள். போனைக் கையில் எடுக்கவும் செய்தேன். ஆனால், அலாரம் ஏன் அடிக்கவில்லை என்றுதானே முதலில் கேட்பார்கள்? எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. திரையை மூடிவிட்டு, போனை வைத்துவிட்டேன்.