வீட்டுக்கை

— அத்தான், மீசை முளைச்ச நாளிலையிருந்து கரைவலைக் கயிறு இழுக்கிறன், ஒருநாளும் கையிலை கொப்புளம் வரேல்லை. இஞ்சை பாருங்கோ, பேனை பிடிச்ச விரலிலை கொப்புளம். மணிக்கட்டை மடக்கேலாமல் நோகுது.

— விசரா, பேனை பிடிச்சு நொந்த கையை இந்தக் கரையிலை ஆருக்கும் காட்டிப்போடாதை, பஞ்சலிங்கம். சிரிப்பாங்கள். பையைக் கீழை வை. சாப்பிட்டனியோ?

— கொழும்புக் கோட்டை ஸ்ரேசனிலை கோச்சி ஏறமுந்தி ஒரு பணிஸ். அதுக்குப் பிறகு பருத்தித்துறை மட்டும் பச்சைத்தண்ணி. எண்டால் பாருங்கோவன், குடல் குடலைத் தின்னுது.

— உன்ரை மனுசி கமலாவதி பிள்ளையைப் படுக்கவிட்டிட்டுச் சோறு கொண்டு வருவாள். அவள் வரமுந்திக் கதையைச் சொல்லு. கொழும்பிலை வைச்ச லண்டன் பட்டச் சோதினையிலை, லண்டன்காரன் கேட்டதுக்கெல்லாம் மறுமொழி எழுதினியோ?

— முதல் நாள் மானம் போச்சு, அத்தான். பொருளாதாரப் பேப்பர். எல்லாம் தெரிஞ்ச கேள்வி. எழுதப் போனால் மண்டைக்குள்ளை ஒண்டும் வரேல்லை.

— பயமோ?

— பயமில்லை. கயிறில்லை.

— என்னடாப்பா உளறுறாய்?

— நான் படிச்சது எங்கை? இந்த மணலிலை. கயிறு இழுக்கேக்கை அம்பாப் பாட்டுக்குப் பதிலாய் என்ரை பாடத்தையெல்லோ ராகம் போட்டுச் சொன்னனான். ஒரு வரிக்கு ஒரு இழுவை. இப்ப கை இழுத்தால்தான் வாய்க்குப் பாடம் வருது.

— ஓம், மறப்பனோ! 'சாமான் குறைஞ்சால் ஏலேலோ, விலை ஏறும் ஏலேலோ.' மீன் படாத நாளிலை விலை ஏறுமெண்டு சொல்ல லண்டனிலையிருந்து ஆள் வேணுமோ எண்டு அப்பவே கேட்டனான்.

— பிறகென்ன, தோளிலை கிடந்த சால்வையைக் கழட்டி மேசைக்காலிலை கட்டினன். இடக்கையாலை ஒரு இழுவை, வலக்கையாலை ஒரு வரி. மண்டை திறந்திட்டுது.

— கதையைக் கேளன்! மற்றவங்கள் பாக்கேல்லையோ?

— மேசை கிறீச் கிறீச்செண்டு கத்தினால் பாராமல் இருப்பாங்களோ? காவலுக்கு நிண்ட பறங்கி ஐயா ஓடி வந்தார். சால்வைக்குள்ளை கள்ளத்துண்டு இருக்கெண்டு நினைச்சு உதறிப் பாத்தார். மீன் செதில்தான் விழுந்துது.

— அட பாவி! துரத்திப்போட்டாரோ?

— 'நான் தியாகராசா சம்மாட்டியின்ரை வலையிலை கயிறு இழுக்கிறவன் ஐயா, இழுக்காட்டில் எனக்குப் பாடம் வராது' எண்டன். மூக்கைப் பொத்திக்கொண்டு, 'இழும், எழுதும், மேசையை மட்டும் விடும்' எண்டிட்டுப் போனார். பிறகு என்ரை காலிலையே கட்டி இழுத்தன். எல்லாப் பேப்பரும் அப்பிடித்தான்.

— என்ரை பேரும் லண்டன் சோதினையிலை ஏறிட்டுது! சரி, இனி உனக்குக் கந்தோர் உத்தியோகமும் சப்பாத்தும்தான்.

— றிசல்ட் லண்டனிலையிருந்து வர ஆவணி ஆகும். அதுமட்டும் வயிறு காத்திருக்குமோ? உள்ளதைச் சொல்லுங்கோ அத்தான், கயிற்றிலை என்ரை இடம் இருக்கோ?

— வழக்கம் உனக்குத் தெரியும்.

— ஓம். ஆள் வராட்டில் அவன்ரை வீட்டிலையிருந்து ஒரு சோடிக் கை வரவேணும். வீட்டுக்கை வராட்டில் இடம் மற்றவனுக்கு. அதுக்குத்தானே தம்பி கதிரவேலுவை விட்டிட்டுப் போனனான்.

— கதிரவேலுவோ! நீ கோச்சி ஏறின அண்டே காய்ச்சலெண்டு போர்த்துக்கொண்டு படுத்தவன். இன்னும் எழும்பேல்லை.

— ஐயோ! அப்ப என்ரை இடம்?

— இடத்திலை ஆள் நிண்டது. ஒரு இழுவையும் தவறேல்லை.

— ஆர் அவன்? புதுசாய் ஆரையும் பிடிச்சுப் போட்டியளோ? சொந்த மச்சானுக்கு இப்பிடிச் செய்யலாமோ, அத்தான்?

— நல்ல கை. உன்னைப்போலை இடையிலை நிண்டு வானம் பாக்கிற கையில்லை. அம்பாவும் சொல்லிச்சு. பெடியள் பழைய பாட்டு வேண்டாம், பஞ்சலிங்கத்தின்ரை பாடம்தான் வேணுமெண்டு நிண்டாங்கள். உன்ரை பாடம் முழுக்கச் சொல்லிச்சு.

— என்ரை பாடம் வேறை ஆருக்குத் தெரியும்?

— உந்தா சட்டியோடை கமலாவதி வாறாள். அவளிட்டைக் கேள்.

— கமலா, ஆர் என்ரை கயிற்றிலை...

— முதலிலை சாப்பிடுங்கோ. சூடைமீன் குழம்பு. முகம் காஞ்சு போய்க் கிடக்கு.

— சட்டியை ஏன் சீலைத்தலைப்பாலை பிடிக்கிறாய்? சூடோ?

— சட்டி ஆறிப் போச்சு. கைதான் எரியுது. தோல் உரிஞ்சிட்டுது.

— கமலா! நீயோ? அத்தான், பொம்பிளையைக் கயிற்றிலை விட்டனீங்களோ?

— என்னை முறைக்காதை. வீட்டுக்கை எண்டுதான் வழக்கம். ஆம்பிளைக்கை எண்டு ஒருத்தரும் சொல்லி வைக்கேல்லை. கரையிலை பெரியாக்கள் கூடி யோசிச்சும் பாத்தாங்கள், மறுக்க ஒரு காரணமும் கிடைக்கேல்லை.

— இஞ்சருங்கோ, பின்னேரத்திலை நீங்கள் கிழிஞ்ச வலை பொத்தேக்கை புத்தகத்தை வாசிச்சுக் காட்டினது ஆர்? நான். வாசிச்சவளுக்குப் பாடம் வராதோ?

— என்ரை ராசாத்தி! நான் பாஸ் பண்ணினால் அதிலை பாதி உனக்கு.

— உங்கடை பாதி எனக்கெதுக்கு? ஒரே ரியூட்டரியிலை இருந்துதானே ரெண்டுபேரும் அட்வான்ஸ் லெவல் பாஸ் பண்ணினம்? கலியாணத்துக்குப் பிறகு நீங்கள் புத்தகம் எடுத்தியள், நான் அகப்பை எடுத்தன்.

— அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?

— லண்டனுக்கு என்ரை பேரும் பதிஞ்சாச்சு. வாற வருசம் ஆனியிலை கொழும்பிலை எனக்குச் சோதினை.

— அத்தான், உங்களுக்கு இது தெரியுமோ?

— கரைக்கே தெரியும், மச்சான். இனி உன்ரை சால்வையையும் அவளுக்குக் குடு, சோதினையிலை கட்டி இழுக்க.

— சால்வை கிடக்கட்டும். இஞ்சை என்னைப் பாருங்கோ. நான் உங்களுக்கு வீட்டுக்கையாய் நிண்டன். நான் சோதினை எழுதி முடியுமட்டும் அடுப்பையும் பிள்ளையையும் பாக்கிறது, நீங்கள் எனக்குத் தரவேண்டிய கடன்.